கடைசிப் பெயரைக் கேட்டது யார்?

சங்கப் புலவர்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். இதில் ஊர் இருக்கிறது, தகப்பன் இருக்கிறார், தகப்பன் பார்த்த வேலையும் இருக்கிறது (கணக்காயர் என்றால் ஆசிரியர்). மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. கணியன் பூங்குன்றனார் நாள் கணிக்கிறவர், ஊர் பூங்குன்றம். ஐயூர் முடவனார் பெயரில் ஊரோடு உடற்குறையும் சேர்ந்துவிட்டது. மனசு புண்படுமே என்றெல்லாம் அன்றைக்கு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. செம்புலப்பெயனீராருக்கு இது எதுவுமே இல்லை. அவர் பாட்டில் வந்த ஓர் உவமையைத் தூக்கி அவருக்கே பெயராக வைத்துவிட்டார்கள்.

ஊர், தகப்பன், தொழில், ஆளின் தனி அடையாளம். உலகத்தின் குடும்பப்பெயர்களைப் பிரித்து அடுக்கினால் பெரும்பாலானவை இந்த நான்கு வகைக்குள் அடங்கிவிடும். ஜான்சன் என்றால் ஜானின் மகன். வேல்ஸ் நாட்டில் மகனைக் குறிக்க ‘ஆப்’ என்று சேர்ப்பார்கள். ஆப் ரீஸ் தேய்ந்து பிரைஸ் ஆனது, ஆப் ஹவல் தேய்ந்து பவல் ஆனது. ஜப்பானில் தனாகா என்றால் வயல் நடுவில் இருப்பவர், யமமோட்டோ என்றால் மலையடிவாரத்துக்காரர், கொபயாஷி என்றால் சின்னக் காடு. பிரவுன் எப்போதோ வாழ்ந்த ஒரு பழுப்பு முடிக்காரர். லாங் ஒரு நெட்டையர்.

தொழில் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், பிரான்ஸின் லஃபெவ்ர், இத்தாலியின் ஃபெராரி, ஸ்பெயினின் ஹெரேரா, ஹங்கேரியின் கோவாச், போலந்தின் கோவால்ஸ்கி, அரபு நாடுகளின் ஹத்தாத் எல்லாமே இரும்புக் கொல்லர் சம்பந்தப்பட்ட பெயர்கள். உலகம் முழுக்கக் கொல்லர்கள்தான் அதிகம் இருந்தார்களா? இல்லை. ஊரில் நூறு பேர் உழவர்கள் என்றால் ‘உழவன் ஜான்’ என்று சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. கொல்லர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரில் பலரும் செய்த வேலை ஓர் ஆளைப் பிரித்துக் காட்டாது. சிலர் மட்டுமே செய்த வேலை காட்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பாக்ஸ்டர், வெப்ஸ்டர் என்று பெயர்கள் உண்டு. பேக்கருக்கும் வீவருக்கும் பெண்பால் வடிவங்கள் அவை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ பெண்களைக் குறித்த விகுதி. பிற்பாடு ஆண்களையும் அப்படி அழைத்திருக்கிறார்கள் என்றாலும், ரொட்டி சுட்ட, நெசவு நெய்த பெண்களின் தடம் அந்தச் சொற்களில் இன்னும் இருக்கிறது. அப்பன் வழி வருவதுதான் குடும்பப்பெயர் என்று நாம் நம்புகிற இடத்தில் இப்படி ஒரு ஓட்டை.

சரி, இதுவரை சொன்னவை எல்லாம் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி. அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. கணக்காயனார் மகனார் என்பது நக்கீரனாருக்குப் பொருந்தும். அவருடைய மகனுக்குப் பொருந்தாது. கூலவாணிகனின் மகன் கடையை மூடிவிட்டுப் போனால் அவன் கூலவாணிகன் இல்லை. ஊர்க்காரர்கள் வைத்த அடைமொழி அந்த ஆளோடு பிறந்து அந்த ஆளோடு போய்விடும். அப்படியானால், வாழ்நாளில் ஒரு ரொட்டிகூடச் சுடாத ஒருவருக்கு பேக்கர் என்று பெயர் எப்படி வந்தது? அடைமொழி எந்த நாளில் குடும்பப்பெயர் ஆனது?

பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தேவையே இல்லை. அவருக்கு உங்களைத் தெரியும், உங்கள் அப்பாவைத் தெரியும். உங்களை நேரில் பார்த்திராத ஒருவருக்குத்தான் தேவை: ஏட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு. போன வருஷம் வரி கட்டியவரும் இந்த வருஷம் கட்ட வேண்டியவரும் ஒரே வீடா, செத்துப்போனவரின் நிலம் இப்போது யாருடையது, படைக்கு ஆள் அனுப்பாத குடும்பம் எது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் இது மெதுவாக நடந்தது. 1066இல் நார்மன்கள் வந்தார்கள். 1086இல் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து டூம்ஸ்டே புத்தகம் எழுதினார்கள். பரம்பரைப் பெயர் முதலில் நிலம் வைத்திருந்த பிரபுக்களிடம் தொடங்கி மெல்லக் கீழே இறங்கியது. 1377இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் தலைக்கு நான்கு பென்ஸ் கட்ட வேண்டும் என்று ஒரு தலைவரி வந்தது. 1379இலும் 1381இலும் மறுபடி வந்தது. ஆள் ஆளாக எண்ணி எழுத வேண்டிய ஏடுகள் அவை. ஊர் முழுக்க ஜான்களும் வில்லியம்களும் இருக்கும்போது குமாஸ்தா ‘எந்த ஜான்?’ என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வரியை எதிர்த்து 1381இல் வெடித்த உழவர் கிளர்ச்சியின் தலைவர் வாட் டைலர். டைலர் என்றால் கூரைக்கு ஓடு போடுகிறவர். 1538 முதல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்ததும், ஏட்டில் ஏறிய பெயர் அடுத்த தலைமுறையிலும் ஏறியது.

சீனாவில் இது ரொம்பப் பழைய கதை. குடும்பப்பெயரைக் குறிக்கும் ‘ஷிங்’ என்ற சீன எழுத்து இரண்டு துண்டுகளால் ஆனது: ஒன்று பெண், மற்றது பிறப்பு. மிகப் பழைய குடும்பப்பெயர்கள் சிலவற்றின் எழுத்துகளிலும் பெண் என்ற குறி உள்ளே இருக்கிறது. இதை வைத்து, ஒருகாலத்தில் பெயர் தாய்வழி வந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பேரரசுகள் வீடு வீடாகப் பதிவேடு போடத் தொடங்கியபின் சாதாரண மக்களுக்கும் பெயர் தந்தைவழியில் உறைந்துவிட்டது. இன்றைக்கும் சீன மொழியில் பொதுஜனத்தைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல் ‘லாவ்பாய்ஷிங்’. நேர்ப்பொருள்: பழைய நூறு குடும்பப்பெயர்கள். அரசனுக்கு மக்கள் எப்படித் தெரிந்தார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் சில நூற்றாண்டுகள் எடுத்த வேலையை ஒரே உத்தரவில் முடித்தவர் ஒருவர் உண்டு. பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிய கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவேரியா. ஒழுங்கில் அவருக்கு அபாரமான ஈடுபாடு. பிலிப்பைன்ஸின் தேதி மற்ற ஆசிய நாடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக 1844 டிசம்பர் 31ஆம் தேதியையே நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டவர். 1849 நவம்பரில் மக்களின் பெயர்களில் கை வைத்தார்.

அவருடைய புகார் இதுதான்: மதம் மாறிய மக்கள் தெ லா குரூஸ், தெ லோஸ் சான்டோஸ் என்று தெய்வப் பெயர்களாக இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு பெயர், வரி, நீதி, நிர்வாகம் எதிலும் யார் யாருக்கு உறவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு அவர் கண்ட வழி, சுமார் 61,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் புத்தகம். ஸ்பானியப் பெயர்கள், உள்ளூர்ச் சொற்கள், செடிகொடிகள், தாதுக்கள், ஊர்கள் எல்லாம் அதில் இருந்தன. பக்கங்களை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மாகாணம் ஊர்களுக்குப் பிரித்தது. நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்த குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் தங்கள் ஊருக்கு வந்த பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

விளைவு, சில பகுதிகளில் ஒரு ஊர் முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள். அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்துப் பெயர்கள் குவிந்து கிடப்பதை உதாரணமாகச் சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் ஊரைச் சொல்லிவிடலாம். ஐயூர் முடவனார் விஷயத்திலும் பெயரில் ஊர் இருந்தது; ஆனால் அதை வைத்தவர்கள் ஐயூரையும் அவரையும் அறிந்தவர்கள்.

அந்தப் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகன் ஹோசே ரிசாலின் குடும்பம் அதற்கு முன்பே மெர்காடோ என்ற பெயரில் அறியப்பட்டது. அவருடைய அப்பா கிளாவேரியா உத்தரவுக் காலத்தில் ரிசால் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார். ஆனாலும் வீட்டில் எல்லோரும் மெர்காடோவாகவே இருந்தார்கள். 1872இல் ஸ்பானிய அரசு மரண தண்டனை கொடுத்துக் கொன்ற பாதிரியார் புர்கோஸோடு அண்ணன் பசியானோவுக்கு நெருக்கம் இருந்ததால், மெர்காடோ என்ற பெயர் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்தச் சுமை தம்பியைத் தொடராமல் இருக்க, ரிசால் என்ற பெயரில் பள்ளியில் சேர்த்தார்கள். ஆளைப் பிடிப்பதற்காக அரசு கொடுத்த பெயர், ஆளை மறைக்க உதவியது. 1896இல் அதே ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்றபோது அந்தப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்திருந்தது.

இது பிலிப்பைன்ஸின் கதை மட்டும் இல்லை. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தன் ஆட்சியில் இருந்த யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் சூட வேண்டும் என்றார். 1811இல் நெப்போலியன், தான் இணைத்துக்கொண்ட நெதர்லாந்து மக்களிடம் கேட்டார். 1875இல் ஜப்பான் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுக்க சரியான பதிவேடு வேண்டியிருந்தது. 1913இல் தாய்லாந்து சட்டம் போட்டது; மன்னர் வஜிராவுத் தானே உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெயர்களை உருவாக்கிக் கொடுத்தார். 1934இல் துருக்கி. வரிசையைப் பாருங்கள்: ஒவ்வொரு நாடும் நவீன ராணுவம், வரி, மக்கள்தொகைக் கணக்கு என்று இறங்கும் காலத்தில் இந்தக் கேள்வி வருகிறது.

கேட்கிறவர் பதிலையும் தீர்மானிப்பார். துருக்கியில் யன், ஓஃப், விச், புலோஸ் என்று முடியும் பெயர்களைப் பதிவு செய்யக்கூடாது என்று விதி இருந்தது. அர்மீனியர், பல்கேரியர், செர்பியர், கிரேக்கர் பெயர்கள் அப்படி முடியும். பழங்குடிப் பெயர்களுக்கும் தடை. முஸ்தஃபா கெமாலுக்கு நாடாளுமன்றம் அத்தாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்று தனிச் சட்டமே போட்டுப் பெயர் கொடுத்தது. ஜப்பானில் இன்றும் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயர் வைத்திருக்க வேண்டும் என்று குடியியல் சட்டத்தின் 750ஆம் பிரிவு சொல்கிறது. யார் பெயர் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சுமார் 95 சதவீதத் திருமணங்களில் பெயர் மாற்றுவது மனைவிதான். 2015இலும் 2021இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இதன் மிகக் கொடூரமான வடிவம் அமெரிக்க அடிமைமுறையில் இருந்தது. முதலாளியின் சொத்தாக இருந்தவர்களில் பலருக்கு முதலாளியின் பெயரே ஒட்டியது. ஃபிரெடரிக் பெய்லி என்ற இளைஞர் 1838இல் தப்பி வடக்கே வந்தபோது பிடிபடாமல் இருக்கப் பெயரை மாற்றி, ஜான்சன் என்று வைத்துக்கொண்டார். நியூ பெட்ஃபோர்டு ஊருக்கு வந்து பார்த்தால் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஜான்சன்கள். அடைக்கலம் கொடுத்த வீட்டுக்காரரும் ஜான்சன். அவர் அப்போது வால்டர் ஸ்காட்டின் ஒரு காவியத்தைப் படித்துக்கொண்டிருந்தார்; அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொன்னார். இப்படித்தான் ஃபிரெடரிக் டக்ளஸ் வந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து மால்கம் லிட்டில் என்பவர் லிட்டில் என்பதை அடித்துவிட்டு எக்ஸ் என்று போட்டார். கணக்கில் தெரியாத எண்ணுக்குப் போடும் எக்ஸ். தன் முன்னோரின் உண்மையான ஆப்பிரிக்கப் பெயர் தனக்குத் தெரியாது என்பதைப் பெயராகவே வைத்துக்கொண்டார்.

அப்படியானால் குடும்பப்பெயர் இல்லாமல் ஒரு நவீன நாடு நடக்க முடியாதா? ஐஸ்லாந்தில் நடக்கிறது. அப்பாவின் பெயரோடு மகனுக்கு ‘சொன்’, மகளுக்கு ‘டோட்டிர்’. அம்மா பெயரையும் வைக்கலாம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறாது. அப்பா, அம்மா, மகன், மகள் நான்கு பேருக்கும் நான்கு விதமான கடைசிப் பெயர் இருப்பது அங்கே சாதாரணம். தொலைபேசிப் புத்தகம் முதல் பெயர் வரிசையில் இருந்தது. பாடகி பியோர்க் தன் முதல் பெயரை மட்டும் போடுவதைப் பலர் மேடைப் பெயர் என்று நினைக்கிறார்கள். இல்லை, அவருடைய நாட்டில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடும்பப்பெயர் சூடுவதை 1925 சட்டம் தடுத்தது. 2019இல் ஆண், பெண் என்று குறிக்க விரும்பாதவர்கள் ‘பர்’ என்று முடித்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

படிக்கும்போதே உங்களுக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்திருக்கும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இன்று பள்ளியில் சேர்ந்தால் ஹாஜர் பட்டியலில் ம.க. நக்கீரன். ஈ.வெ. என்பதும் அதேதான்: ஈரோடு, வெங்கட்ட. ஊரும் அப்பாவும் ஓரெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். பெயர் பெயராகவே இருக்கும்.

ஆனால் நம் பெயரின் பின்பக்கம் எப்போதும் காலியாக இருந்ததில்லை. அங்கே சாதிப் பட்டம் இருந்தது. ஒருவரைக் கூப்பிடும்போதே அவரை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடும். பட்டம் சிலருக்கு மரியாதை. மரியாதையான பட்டம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த வெற்றிடமே அடையாளம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ராமசாமி நாயக்கர், ஈ.வெ. ராமசாமி ஆனார். இங்கே பெயரைத் திருத்தியது அரசின் உத்தரவு இல்லை, ஓர் இயக்கம். ஜனங்கள் தாங்களாகப் பெயரின் வாலை வெட்டினார்கள். சாதி அதனால் போய்விடவில்லை. ஊர் கேட்டும் தெரு கேட்டும் கண்டுபிடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் ஒரு தமிழ்ப் பெயரைப் படித்ததும் சாதி தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

அந்தக் காலி இடத்தை இப்போது மறுபடி ஒருவர் கேட்கிறார். பாஸ்போர்ட் படிவம், விசா படிவம், விமான டிக்கெட், ஆப். ‘லாஸ்ட் நேம்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. மென்பொருள் துறையில் இருப்பதால் இந்தக் கட்டத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். டேட்டாபேஸில் அந்தக் காலத்தைத் திறந்து பாருங்கள்: ஒருவர் புள்ளி வைத்திருப்பார், ஒருவர் தன் பெயரையே இரண்டு தடவை எழுதியிருப்பார், ஒருவர் இனிஷியலைத் தள்ளியிருப்பார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்என்யு’ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். வைத்த பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும், ஆளுக்கோ பெயரில்லை. 2010இல் பாட்ரிக் மெக்கென்சி என்ற புரோகிராமர், பெயர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் நம்பும் தப்பான விஷயங்களை ஒரு பட்டியலாகப் போட்டார். எல்லோருக்கும் கடைசிப் பெயர் உண்டு என்ற நம்பிக்கை அதில் ஒன்று. அந்தப் பட்டியல் எங்கள் துறையில் பிரபலம். கட்டத்தின் நட்சத்திரம் மட்டும் போகவில்லை.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் லிசு இன மக்கள் வாழும் ஒரு கிராமத்தில், அவர்களுடைய அபூர்வமான குடும்பப்பெயர் எழுத்து கணினியில் இருக்கவில்லை. அடையாள அட்டைக்காக அதை ‘வாத்து’ என்று பொருள்படும் எழுத்தாக மாற்றிக்கொண்டார்கள். கிளாவேரியாவின் புத்தகத்தில் 61,000 பெயர்களாவது இருந்தன.

நமக்கு நடப்பது இன்னும் சுவாரஸ்யமானது. கட்டத்தை நிரப்ப நாம் அப்பா பெயரைப் போடுகிறோம். உடனே ஊர் பேர் தெரியாத அதிகாரி அப்பா பெயரால் நம்மைக் கூப்பிடுகிறார். விஸ்வநாதன் ஆனந்தை உலகம் ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா. இது ஒரு தலைமுறையோடு நின்றால் ஐஸ்லாந்து. ஆனால் டொரன்டோவிலோ லண்டனிலோ பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரின் லாஸ்ட் நேம் என்று தாத்தா பெயரே போய்ச் சேர்கிறது. அடுத்து அதன் குழந்தைக்கும். எப்போதோ இங்கிலாந்தில் ஒரு நிஜமான ஜானின் பெயர் ஏட்டில் ஏறி, அவரை யாரென்றே தெரியாத லட்சக்கணக்கான ஜான்சன்களுக்குப் போனது இப்படித்தான். பதினான்காம் நூற்றாண்டில் அங்கே நடந்தது இப்போது நம் வீடுகளில் நடக்கிறது. ஏதோ ஒரு தாத்தா, தனக்கே தெரியாமல், ஒரு வம்சத்தின் பெயராகிக்கொண்டிருக்கிறார். பாட்டிக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. கல்யாணமானதும் பெண்ணின் இனிஷியலை அப்பாவிடமிருந்து புருஷனுக்கு மாற்றச் சொல்லும் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை, இருந்தும் மாற்றுகிறோம். ஜப்பானில் 95 சதவீதம் நடப்பது சட்டத்தால் மட்டும் இல்லை என்று இங்கிருந்து பார்த்தால் புரியும்.

அதனால் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்குமுன் ஒரு நிமிஷம் நிற்கலாம். தாத்தா பெயரா, அம்மா பெயரா, ஊர் பெயரா, இருவரும் சேர்ந்து யோசித்த புதுப் பெயரா? பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்து ‘இதிலிருந்து எடு’ என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை. வெட்டிப் போட்ட பட்டத்தை ‘குடும்பப்பெயர் வேண்டுமாமே’ என்ற சாக்கில் மறுபடி ஒட்டவைக்கவும் தேவையில்லை.

மங்கோலியாவில் 1920களில் கம்யூனிச அரசு குலப்பெயர்களைத் தடை செய்தது. எழுபது வருஷம் கழித்து, குலப்பெயரைத் திரும்பச் சூடுங்கள் என்று புதிய அரசு கேட்டபோது பலருக்குத் தங்கள் பெயர் மறந்தே போயிருந்தது. ஏராளமானவர்கள் செங்கிஸ்கானின் குலப்பெயரான போர்ஜிகினை எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குப் போன முதல் மங்கோலியரான குர்ரக்சா அப்படிச் செய்யவில்லை. தான் போய் வந்த இடத்தையே எழுதினார்: ‘சன்சார்’. அவர்கள் மொழியில் அண்டவெளி என்று பொருள். சமஸ்கிருதத்திலிருந்து போன சொல். அதே சொல்தான் தமிழுக்கு வந்து சம்சாரம் ஆகி, வீட்டையும் குடும்பத்தையும் குறிக்கிறது.